பிரேக்கை விடும் கால்: சிம் ரேசிங்கில் வளைவு பழகிய அனுபவம்

கணினியில் ஸ்டீயரிங்கும் பெடலும் வைத்து நிஜக் கார்போல ஓட்டும் சிம் ரேசிங்கைப் பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "பிரேக்கை எங்கே மிதிக்கணும்?" என்பதுதான். வளைவுக்கு முன் உள்ள 100 மீட்டர் பலகையிலா, அதைத் தாண்டியா, அந்த டயர்ச் சுவர் முடியும் இடத்திலா? யூடியூபில் கிடக்கும் பாதி வீடியோக்கள் இதற்குத்தான் பதில் சொல்கின்றன. ஐரேசிங் என்ற சிம்மில் மஸ்டா எம்எக்ஸ்-5 கப் காரை வைத்துக்கொண்டு பல மாதங்கள் ஒரே மாதிரி வளைவுகளைச் சுற்றியதில் எனக்குப் புரிந்தது வேறு. மிதிக்கும் இடம் ஐந்து மீட்டர் முன்னே போனால் நஷ்டம் சில நூறில் ஒரு பங்கு வினாடிகள்தான். மிதித்த காலை எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் வளைவின் தலையெழுத்தே இருக்கிறது. ஆக்சிலரேட்டருக்கும் இதுதான், வழுக்கும்போது திருப்பிய ஸ்டீயரிங்குக்கும் இதுதான். அழுத்துவதை யாரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். விடுவதற்குத்தான் நாளாகிறது.

ஏன் எம்எக்ஸ்-5 என்றால், ஐரேசிங் சந்தா கட்டியதும் கையில் வரும் கார்களில் அது ஒன்று. 2 லிட்டர் இன்ஜின் முன்னால், ஓட்டும் சக்கரம் பின்னால், எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சமம். பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. பலம் குறைவு என்பதால் வளைவில் தொலைத்த வேகத்தை நேர்சாலையில் இன்ஜின் மீட்டுத் தராது. தொலைத்தது தொலைத்ததுதான். கற்றுக்கொள்வதற்கு இதைவிடக் கறாரான வாத்தியார் வேண்டியதில்லை.

நான் அதிகம் ஓட்டியது லைம் ராக் பார்க். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1957இல் திறந்த தடம். 2.4 கிலோமீட்டர்தான், எம்எக்ஸ்-5இல் ஒரு சுற்று ஒரு நிமிடத்தை ஒட்டி வரும். பழைய அமைப்பில் ஏழே வளைவுகள், அதில் இடதுபக்கம் திரும்புவது ஒன்றே ஒன்று. சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டதில் 1959 முதல் அங்கே ஞாயிற்றுக்கிழமை ரேஸ் நடத்தக் கூடாது. நான் அங்கே ஓட்டுவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். சுற்று சிறியது என்பதில் ஒரு சௌகரியம் உண்டு: ஒரு வளைவில் செய்ததைச் சரிபார்க்க ஒரு நிமிடத்தில் அதே வளைவு மறுபடி வந்துவிடும். 20 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நூர்பர்க்ரிங் வடக்கு வளையத்தில் பழக ஆசைப்படுகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். ஆசை நியாயமானது, ஆனால் அங்கே ஒரு வளைவை மறுபடி பார்ப்பதற்குள் அதில் என்ன செய்தோம் என்பதே மறந்துவிடும்.

விடுவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு வருகிறேன். மாநகரப் பேருந்தில் நின்றுகொண்டு போனவர்களுக்கு இயற்பியல் பாடம் தேவையில்லை. டிரைவர் பிரேக் பிடிக்கும்போது எல்லோரும் முன்னால் சாய்கிறார்கள், ஆனால் கம்பியைப் பிடித்துச் சமாளித்துவிடுகிறார்கள். ஆள் விழுவது அடுத்த நொடியில், டிரைவர் பிரேக்கைப் பட்டென்று விடும்போது. முன்னால் போன எடை பின்னால் திரும்பி வரும், கால் அதற்குத் தயாராக இருக்காது. வளைவில் நுழையும் காரின் டயர்களுக்கும் இதே கதிதான்.

கணக்காகவே பார்க்கலாம். இந்தக் காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.31 மீட்டர். ஓட்டுநரோடு சேர்த்து எடை 1,050 கிலோ, எடை மையம் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1 ஜி (புவியீர்ப்புக்குச் சமமான) அளவுக்குப் பிரேக் பிடிக்கும்போது சுமார் 200 கிலோ பின்சக்கரங்களை விட்டு முன்சக்கரங்களுக்குப் போகிறது. அந்த 200 கிலோதான் முன் டயரைத் தரையில் அழுத்தி மூக்கைத் திருப்ப உதவுகிறது. வளைவின் வாசலில் காலைச் சட்டென்று எடுத்தால் முன்பக்கம் எழும்பும். ஸ்டீயரிங்கைத் திருப்பியிருப்போம், கார் நேரே போகும். இதுதான் நுழைவில் வரும் அண்டர்ஸ்டீர். காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே திருப்பினால் பின்பக்கம் லேசாகி, அதுவே முன்னால் வந்துவிடப் பார்க்கும்.

இன்னொரு கணக்கு எனக்கு ரொம்ப உதவியது. டயரின் பிடியை ஒரு வட்டமாக வரைவார்கள். பிரேக்குக்கு 60 சதவீதம் செலவானால் திரும்புவதற்கு மீதி 40 சதவீதம்தானே என்று தோன்றும். வட்டம் என்பதால் பிதாகரஸ் கணக்குப்படி 80 சதவீதம் மிச்சம் இருக்கிறது. பிரேக் 30 சதவீதமாகக் குறைந்ததும் திரும்புவதற்கு 95 சதவீதம் கிடைக்கிறது. அதாவது, திரும்பிக்கொண்டே கொஞ்சம் பிரேக் வைத்திருப்பதற்கு நாம் கொடுக்கும் விலை மிகக் குறைவு. ட்ரெயில் பிரேக்கிங் என்று இதற்குப் பெயர் வைத்து ஏதோ மேல்நிலை வித்தைபோலப் பேசுகிறார்கள். முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம் இது.

போன கோடை விடுமுறையில் அக்கா பையன் வந்திருந்தான். அதுவரை செல்பேசியில் மட்டுமே கார் விளையாட்டு ஆடியவன். அதில் பிரேக் என்பது ஒரு பொத்தான், தொட்டால் முழுசு, எடுத்தால் ஒன்றுமில்லை. அவனை உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்ததில், நான் தனியாக ஓட்டிக் கற்றதைவிட அதிகம் கற்றேன்.

"மாமா, பிரேக் பிடிச்சா திரும்ப மாட்டேங்குது. விட்டா சுத்துது."

"மெதுவா விடுடா."

"மெதுவான்னா எவ்ளோ மெதுவா?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் நொடிக் கணக்கில் இல்லை என்பது அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் எனக்கே தெளிவானது. காலை விடும் வேகத்தைக் கைதான் தீர்மானிக்க வேண்டும். ஸ்டீயரிங் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு பிரேக் குறைய வேண்டும். நேராகப் போகும்போது முழு அழுத்தம், கை அசையத் தொடங்கும்போது கால் இளகத் தொடங்குகிறது, ஏபெக்ஸை, அதாவது வளைவின் உள்விளிம்பைக் கார் தொடும் புள்ளியை, நெருங்கும்போது பிரேக் பூஜ்யம். குறுகிய வளைவில் கை அதிகம் திரும்ப வேண்டும், அதனால் பிரேக்கும் நீண்ட நேரம் இழுபடும். வேகமான வளைவில் கை லேசாகத்தான் அசையும், காலும் சீக்கிரம் வெளியே வந்துவிடும். பிரேக் 100 சதவீதத்திலிருந்து 40க்குக் கொஞ்சம் விரைவாக இறங்கினால் கார் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது. கடைசி 30 சதவீதத்தை விடுவதில்தான் எல்லாம் இருக்கிறது.

அவனை வாய்விட்டு எண்ணச் சொன்னேன். முழு பிரேக்குக்குப் பத்து, அப்புறம் ஏழு, நாலு, ரெண்டு, ஒண்ணு. எண்ணிக்கொண்டே காலை எடுக்க வேண்டும். அக்கா அடுக்களையிலிருந்து, "என்னடா ஏலம் போடறீங்களா?" என்று கேட்டாள். சிரிப்பாக இருந்தாலும் இந்த வழி வேலை செய்கிறது. வாய் எண்ணும்போது கால் அவசரப்படுவதில்லை.

இதில் பழக்கம் வந்ததும் ஒரு கதவு திறக்கும். பிரேக்கை விடுவது இரண்டாவது ஸ்டீயரிங் ஆகிவிடும். வளைவுக்குள் கார் திரும்ப மறுக்கிறதா, ஸ்டீயரிங்கை மேலும் திருப்பாமல் அந்தக் கடைசி 15 சதவீத பிரேக்கை ஒரு கண நேரம் கூடுதலாக வைத்திருந்தால் மூக்கு உள்ளே வரும். அதிகம் திரும்புகிறதா, கொஞ்சம் விரைவாக விட்டால் பின்பக்கம் அமர்ந்துவிடும். கை அப்படியே இருக்க, கால் மட்டும் காரின் திசையை மாற்றுவதை முதல் தடவை உணர்ந்தபோது நான் உடனே இன்னொரு சுற்றுப் போய் அது தற்செயலா என்று பார்த்தேன்.

நம் ஊரில் கியர் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சிம்மில் பெரும்பாலோர் இடது காலால்தான் பிரேக் பிடிக்கிறார்கள். நமது இடது காலோ வருஷக்கணக்காக கிளட்சை முழுசாக அமுக்கியே பழகியது. அதற்கு நுணுக்கம் தெரியாது. காருக்குள் போகாமலே இதைச் சரிசெய்யலாம். அமைப்புத் திரையில் பிரேக் அளவு பட்டையாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு 50இல் நிறுத்து, 20இல் நிறுத்து, 20இலிருந்து பூஜ்யத்துக்கு மெல்ல இறக்கு என்று தினம் கொஞ்ச நேரம் பழகினால் போதும். சலிப்பான வேலைதான், பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்யலாம்.

கருவிகளைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. லோட் செல் வைத்த பிரேக் பெடல் அழுத்தத்தை அளக்கும், சாதாரணப் பெடல் நகர்ந்த தூரத்தை அளக்கும். கால் தசை தூரத்தைவிட அழுத்தத்தைத்தான் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால் செலவு செய்வதாக இருந்தால் ஸ்டீயரிங்குக்கு முன் பெடலுக்குச் செய்யுங்கள். அதற்கும் முன்னால் நாற்காலி. சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து பிரேக் மிதித்தால் நாம்தான் பின்னால் போவோம். சக்கரங்களைப் பழைய செருப்புகளுக்குள் இறக்கிவைப்பது செலவில்லாத தீர்வு. அடுக்குமாடியில் இருப்பவர்கள் பெடலுக்குக் கீழே கனமான ரப்பர் விரிப்பு ஒன்று போடுவது கீழ்வீட்டாரோடு உறவு நீடிக்க உதவும்.

ஒரு அமைப்பை மட்டும் தவறவிடக் கூடாது. எஃப்ஓவி, அதாவது திரையில் தெரியும் பார்வைக் கோணம். 27 அங்குலத் திரை கண்ணிலிருந்து 65 சென்டிமீட்டரில் இருந்தால் சரியான கிடைமட்டக் கோணம் சுமார் 49 பாகை. ஐரேசிங்கிலேயே திரையின் அகலத்தையும் தூரத்தையும் கொடுத்தால் கணக்கிட்டுச் சொல்லிவிடும். அசெட்டோ கோர்சா என்ற இன்னொரு சிம்மில் செங்குத்துக் கோணம் கேட்பார்கள், அதே திரைக்கு அது 29ஐ ஒட்டி வரும். முதலில் தொலைநோக்கியில் பார்ப்பதுபோல இறுக்கமாகத் தெரியும், வேகமே இல்லாததுபோல இருக்கும். நாலைந்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். கோணம் தவறாக இருந்தால் வளைவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, கார் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று கண் சொல்வது எல்லாமே பொய். சிம்மில் உடம்புக்கு எந்த உணர்வும் கிடைக்காது. நிஜக் காரில் பின்பக்கம் வழுக்கும்போது முதலில் இடுப்புக்குத் தெரியும். இங்கே கண், கை, காது மூன்றும்தான். அதில் கண்ணையும் ஏமாற்றிவிட்டால் மிச்சம் என்ன?

கைக்கு வரும் சேதி ஃபோர்ஸ் ஃபீட்பேக், அதாவது மோட்டார் வழியாக ஸ்டீயரிங்கில் வரும் விசை. இதை வலுவாக வைத்தால் நிஜம்போல இருக்கும் என்று பலர் உச்சத்தில் வைக்கிறார்கள். மோட்டாரின் எல்லையைத் தாண்டியதும் எல்லா விசையும் ஒரே அளவாகத்தான் வரும், நுணுக்கம் அத்தனையும் வெட்டுப்பட்டுப் போகும். திரையில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் பட்டை சிவப்பாகிறதா என்று பார்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள். எதற்காக அந்த நுணுக்கம் வேண்டும் என்றால், முன் டயரின் பிடி உச்சத்தை எட்டுவதற்குச் சற்று முன்பே ஸ்டீயரிங்கின் கனம் குறையத் தொடங்கும். டயர் தரையைத் தொடும் பரப்பின் பின்பகுதி முதலில் வழுக்குகிறது, அதனால் பக்கவாட்டு விசை செயல்படும் புள்ளி முன்னால் நகர்கிறது, ஸ்டீயரிங்கை நேராக்கப் பார்க்கும் நெம்புகோல் குறுகிப்போகிறது. கைக்கு அது "லேசாகிவிட்டதே" என்று தெரியும். டயர் கொடுக்கும் முன்னறிவிப்பு அது.

அந்த நேரத்தில் கை இயல்பாகச் செய்வது இன்னும் திருப்புவது. அது வேண்டாம். திருப்பியதில் கொஞ்சம் திரும்ப விடுங்கள். நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும், ஸ்டீயரிங்கைக் குறைத்ததும் கார் அதிகம் திரும்பும். உச்சத்தைத் தாண்டி வழுக்கிக்கொண்டிருந்த டயர் மறுபடி பிடிக்கிறது, அவ்வளவுதான். கூடவே, வழுக்கும் டயர் சூடாகும். இந்த வளைவில் இழுத்துத் திருப்பிய பாவத்துக்கு அடுத்த இரண்டு வளைவுகளிலும் பிடி குறைவாகவே இருக்கும்.

சரி, லைம் ராக்கில் இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். நேர்சாலை முடிந்ததும் வருவது பிக் பெண்ட். நீளமான வலது வளைவு, இரண்டு ஏபெக்ஸ். பிரேக்கைக் கற்றுக்கொள்ள உலகத்திலேயே நல்ல இடங்களில் ஒன்று என்பேன், ஏனென்றால் விடுவதற்கு அவ்வளவு நேரம் கொடுக்கும். நேராக இருக்கும்போதே பெரும்பகுதி வேகத்தைக் குறைத்துவிட்டு, 40 சதவீதத்தோடு உள்ளே திரும்பி, முதல் ஏபெக்ஸ்வரை இழுத்துக்கொண்டு போகலாம். அங்கே கால் முழுசாக வெளியே வந்ததும் கார் தானாகக் கொஞ்சம் வெளிப்பக்கம் நகரும். நகரட்டும். அதை ஸ்டீயரிங்கால் கட்டிப்போட நினைக்காமல் காத்திருந்து, இரண்டாவது ஏபெக்ஸுக்கு மறுபடி உள்ளே கொண்டுவர வேண்டும். இந்த இடைவெளியில் ஆக்சிலரேட்டரை அவசரப்பட்டு மிதிப்பதுதான் பலரும் நேரத்தை இழக்கும் இடம். மிதித்ததும் எடை பின்னால் போகும், மூக்கு வெளியே போகும், இரண்டாவது ஏபெக்ஸ் கைக்கு எட்டாது, அப்புறம் மிதித்த காலை எடுக்க வேண்டிவரும். ஒரு வளைவில் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டு மறுபடி எடுக்க நேர்ந்தால் அதைச் சீக்கிரம் மிதித்திருக்கிறோம் என்று அர்த்தம். எனக்கு இது ஏறக்குறைய விதி.

அதன்பின் ஒரே ஒரு இடது வளைவு, உடனே ஒரு வலது. இந்த இடது-வலது ஜோடியில் முதலாவதைத் தியாகம் செய்யுங்கள். இரண்டாவதுக்குப் பிறகு நேர்சாலை இருக்கிறது, முதலாவதுக்குப் பிறகு இல்லை.

அப்ஹில் என்ற வளைவு பெயருக்கேற்ப மேட்டில் ஏறுகிறது. ஏற்றத்தின் அடியில் கார் தரையோடு அமுங்கும், பிடி தாராளமாக இருக்கும். உச்சியில் நிலம் காரைவிட்டு விலகுவதுபோல ஆகி, எல்லா டயரும் லேசாகிவிடும். திருப்பும் வேலை முழுவதையும் அடியிலேயே முடித்துவிட்டு, உச்சிக்கு வரும்போது ஸ்டீயரிங் ஓரளவு நேராகியிருக்க வேண்டும். அக்கா பையன் சுழன்றதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான்: உச்சியில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரைப் பட்டென்று விடுவான். ஏற்கெனவே லேசாக இருக்கும் பின்பக்கத்திலிருந்து இருந்த கொஞ்ச எடையும் முன்னால் போய்விடும். "பயந்தா பாதி விடு, முழுசா விடாதே" என்று சொல்லிச் சொல்லித்தான் அது நின்றது.

டவுன்ஹில்தான் இந்தத் தடத்தின் விலைமதிப்புள்ள வளைவு. சரிந்து இறங்கி அடியில் அமுங்கும் வேகமான வலது வளைவு, அதைத் தாண்டினால் மிக நீளமான நேர்சாலை. இங்கே வெளியேறும் வேகத்தில் மணிக்கு 2 கிலோமீட்டர் கூடினால் என்ன கிடைக்கும் என்று போட்டுப் பார்த்தேன். மணிக்கு 150 கிலோமீட்டரில் 600 மீட்டரைக் கடக்க 14.4 வினாடி. 152இல் போனால் சுமார் 0.19 வினாடி மிச்சம். அந்த வித்தியாசம் நேர்சாலை முழுக்க அப்படியே நிற்காது, குறைந்துகொண்டே வரும். பாதி என்று வைத்தாலும் ஒரு சுற்றுக்கு 0.1 வினாடி. பிரேக்கை ஐந்து மீட்டர் தள்ளி மிதித்துப் பிடிக்க நினைத்ததைவிட இது அதிகம். இந்த வளைவில் பிரேக்கை அமுக்குவதில்லை, தொட்டு வைக்கிறேன். தொட்டதை இறக்கத்தில் மெல்ல விட்டுக்கொண்டே வந்து, அடியில் கார் அமுங்கும் அந்தக் கணத்தில் ஆக்சிலரேட்டர். அமுக்கம் தரும் கூடுதல் பிடி அங்கே காத்திருக்கிறது. அதற்கு முன்பே காலைக் குழப்பிக்கொண்டால் அதைப் பயன்படுத்த முடியாது.

காரைக் கட்டுக்குள் வைப்பது என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது வழுக்கும்போது பிடிப்பது. அதையும் தனியாகப் பழக வேண்டும், ரேஸில் பழக முடியாது. ஐரேசிங்கில் சென்ட்ரிபெடல் சர்க்யூட் என்று ஒரு திறந்த வட்டத் திடல் இருக்கிறது. இரண்டாவது கியரில் ஸ்டீயரிங்கை ஒரே கோணத்தில் வைத்து வட்டம் போடுங்கள். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டினால் வட்டம் பெரிதாகும், கொஞ்சம் குறைத்தால் சிறிதாகும். கையே அசையாமல் காலால் மட்டும் வட்டத்தைப் பெருக்கிச் சுருக்க வந்ததும், வேண்டுமென்றே காலைப் பட்டென்று எடுங்கள். பின்பக்கம் வெளியே வரும். அதைப் பிடிக்கப் பழகுங்கள்.

பிடிப்பதில் எதிர்ப்பக்கம் திருப்புவதை எல்லோரும் சொல்வார்கள், அது உடம்பே செய்துவிடும். கார் போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் கை பாதி வேலையைத் தானாகச் செய்யும், ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் முன்சக்கரங்களே சரியான திசைக்கு இழுத்துக்கொண்டு போகும். ஆபத்து அதற்கடுத்த கட்டத்தில். பின் டயர் மறுபடி பிடிக்கும் அந்தக் கணத்துக்குள் எதிர்த்திருப்பலை விட்டுவிட வேண்டும். தாமதித்தால் கார் மறுபக்கம் இன்னும் வேகமாக வீசும், இரண்டாவது வீச்சைப் பிடிப்பவர்கள் குறைவு. பின்பக்கம் வெளியே போவது நிற்கும்போதே கையைத் திரும்பக் கொண்டுவரத் தொடங்குங்கள், கார் நேராகும்வரை காத்திருக்காதீர்கள். பிடிக்க முடியாது என்று தெரிந்துவிட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுசாக மிதித்து அப்படியே நில்லுங்கள். சக்கரம் பூட்டிய கார் கிட்டத்தட்ட ஒரே திசையில் சறுக்கிக்கொண்டு போகும், பின்னால் வருகிறவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். நடுவில் பிரேக்கை விட்டால் கார் எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்கும் தெரியாது. விடக் கூடாத இடம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

முன்னேறுகிறோமா என்பதைச் சுற்று நேரத்தை வைத்து மட்டும் பார்த்தால் மனசு விட்டுப்போகும். பிரேக்கை விடப் பழகும் காலத்தில் நேரம் முதலில் கூடத்தான் செய்யும். டெலிமெட்ரி பாருங்கள், அதாவது வேகம், பிரேக் எல்லாம் கோடுகளாகப் பதிவாகும் தரவு. ஐரேசிங்குக்கு கராஜ் 61, அசெட்டோ கோர்சாவுக்கு மோட்டெக் என்று வழிகள் இருக்கின்றன. அதே காரில் அதே தடத்தில் நம்மைவிட ஒரு வினாடி வேகமான ஒருவரின் பிரேக் கோட்டையும் நம்முடையதையும் மேலே மேலே வைத்துப் பாருங்கள். ஏறும் பகுதி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இறங்கும் பகுதியில்தான் வித்தியாசம்: நம்முடையது செங்குத்தாக விழும், அவருடையது நீண்டு சரியும். வளைவில் கார் தொடும் மிகக் குறைந்த வேகத்தையும் பாருங்கள். நல்ல ஓட்டுநருக்கு அது ஏபெக்ஸை ஒட்டி ஒரு புள்ளியாக இருக்கும், பழகுகிறவருக்கு ஒரு தட்டையான கோடாக நீளும். அந்தத் தட்டை என்பது பிரேக்கும் இல்லாமல் ஆக்சிலரேட்டரும் இல்லாமல் சும்மா உருண்ட நேரம். உலகத்தின் மிக வேகமானவருடைய கோட்டோடு ஒப்பிட வேண்டாம். அவர் செய்வது நமக்கு இப்போதைக்குப் புரியாது.

அந்தக் கோட்டை மாற்ற எனக்கு உதவிய பயிற்சி: வழக்கமான இடத்துக்கு 20 மீட்டர் முன்பே, 70 சதவீத அழுத்தத்தில் பிரேக் பிடிப்பது. பயம் இருக்காது, அவசரம் இருக்காது, விடுவதில் மட்டும் கவனம் வைக்கலாம். கோடு சரிவாக வந்தபிறகு மெல்ல மெல்ல இடத்தை உள்ளே தள்ளிக்கொண்டு போகலாம்.

ரேஸில் இன்னொரு கணக்கு சேர்கிறது. ஐரேசிங்கில் தடத்தை விட்டு வெளியே போனால் 1 புள்ளி, கட்டுப்பாடு இழந்தால் 2, இன்னொரு காரோடு பலமாக மோதினால் 4. இவை சேரச் சேரப் பாதுகாப்பு மதிப்பீடு இறங்கும், உரிமம் உயராது. பக்கத்தில் கார் இருக்கும்போது வழக்கமான அகலமான கோடு கிடைக்காது, உட்பக்கம் ஒட்டித் திரும்ப வேண்டும். வளைவு இறுகுவதால் நுழையும் வேகம் குறைய வேண்டும், பிரேக்கை விடுவதும் இன்னும் நீள வேண்டும். விடத் தெரியாதவர் அங்கே நேரே போய் வெளிப்பக்கக் காரின் மேல் விழுகிறார். முதல் வளைவு விபத்துகளை மறுபடி ஓட்டிப் பாருங்கள், பாதிக்கு மேல் இதுவாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் நிஜத்தில் உதவுமா என்று கேட்பார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாடகை கோ-கார்ட் ஓட்டிப் பார்த்ததில், கோடு பிடிப்பதும் தூரம் பார்ப்பதும் அப்படியே வந்தன. கை வலி மட்டும் சிம்மில் கற்றுத் தராத பாடம். ஆனால் வாடகை கார்ட்டில் பெரும்பாலும் பிரேக் பின் அச்சுக்கு மட்டும்தான். எம்எக்ஸ்-5இல் 40 சதவீதத்தோடு உள்ளே போகும் பழக்கத்தை அங்கே கொண்டுபோனால் சுழல்வீர்கள். நேராக இருக்கும்போதே பெரும்பாலும் முடித்துவிட்டு, திரும்பும்போது ஒரு பொட்டு மட்டும் மிச்சம் வையுங்கள்.

அக்கா பையன் அடுத்த தடவை வரும்போது ஜிடி3 வகை ரேஸ் கார் வேண்டும் என்கிறான். "அதுல ஏபிஎஸ் இருக்கே மாமா, மிதிச்சிட்டே திருப்பலாம்." சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் ஏபிஎஸ்ஸின் வேலை. டயரின் பிடியை அது கூட்டித் தராது. முழுசாக மிதித்துக்கொண்டே திருப்பினால் பிடி அத்தனையும் பிரேக்குக்கே போய், மூக்கு நேரே பார்த்துக்கொண்டு போகும். அதில் உட்காரும் முதல் நாள் ஆக்சிலரேட்டரில் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் ட்ராக்‌ஷன் கன்ட்ரோலைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு, எண்ணுவதைப் பத்திலிருந்தே மறுபடி ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன். இறக்கையும் தரையழுத்தமும் உள்ள கார் என்பதால் வேகம் அதிகமுள்ள தொடக்கத்தில் பலமாக மிதிக்கலாம், வேகம் குறையக் குறைய அந்தப் பிடி கரைந்துபோகும். ஆகவே பத்திலிருந்து ஏழுக்கு எம்எக்ஸ்-5இல் இறங்கியதைவிடச் சீக்கிரமே இறங்க வேண்டும்.